தோற்ற மறுநாள் பயிற்சியாளர் மீது பாய்வதற்கு முன்

கால்பந்து பற்றி எழுத வரும் இளைஞர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. பெரிய அணி ஒன்று படுதோல்வி அடைந்த மறுநாள் வந்து சேரும் பிரதிகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன: "பயிற்சியாளரை உடனே நீக்க வேண்டும்." அந்த வயதில் நானும் அப்படி எழுதியவன்தான், அந்தக் கோபம் எனக்குப் புரியும். வசைபாடக் கூடாது, வதந்தியைச் செய்தியாக்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லியும் திருந்தாத சில தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யார் ஆடினார்கள் என்று பார்க்காமல் தீர்ப்பளிப்பது

2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்டேயில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று தோற்றது. முதுகெலும்பு முறிந்ததால் பிரேசிலின் நட்சத்திர முன்கள ஆட்டக்காரர் நெய்மார் ஆடவில்லை. மஞ்சள் அட்டைகளால் தடை பெற்ற அணித்தலைவர் தியாகோ சில்வாவும் இல்லை. இதைக் குறிப்பிடாத விமர்சனம் அரைகுறை. அதற்காகப் பயிற்சியாளர் ஸ்கொலாரி தப்பிவிடவும் முடியாது. நெய்மாரின் இடத்தில் பெர்னார்டு என்ற விங்கரை, அதாவது ஓரப்பகுதியில் ஆடும் முன்கள ஆட்டக்காரரை, இறக்கி, ஜெர்மனியின் பலமான நடுக்களத்துக்கு எதிரே தன் நடுக்களத்தைத் திறந்துவிட்டார். 23ஆவது நிமிடத்துக்கும் 29ஆவது நிமிடத்துக்கும் இடையில் நான்கு கோல்கள் விழுந்தன. இடைவேளை வரை ஒரு மாற்றமும் செய்யவில்லை. குற்றச்சாட்டை இப்படி வையுங்கள். "ஸ்கொலாரிக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதினால், 2002இல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர் என்று நினைவூட்டி அந்த வரியை அடித்துவிடுவேன்.

அணியைக் கட்டியவர்களை விட்டுவிடுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது.

2020 ஆகஸ்டில் லிஸ்பனில் நடந்த, ஐரோப்பியக் கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கிடம் ஸ்பெயினின் பார்சிலோனா 2-8 என்று தோற்றது. இந்திய நேரப்படி நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கிய ஆட்டம். அது முடிவதற்குள்ளேயே என் கைப்பேசியில் செய்திகள் குவிந்தன. அத்தனையிலும் ஒரே பெயர், பார்சிலோனாவின் பயிற்சியாளர் கிக்கே செட்டியன். மூன்றாம் நாள் அவர் நீக்கப்பட்டார். "நீதி கிடைத்தது" என்று ஓர் இளைஞர் எனக்கு எழுதினார். யாருக்கு நீதி?

செட்டியன் அந்த ஜனவரியில்தான் வந்தார். அவருக்கு முன்பிருந்த வால்வெர்டேவை நீக்கியபோது அணி ஸ்பெயின் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. லிஸ்பனில் களமிறங்கிய பதினொருவரில் மெஸ்ஸி, சுவாரஸ், பிக்கே, விடால் நால்வருக்கும் வயது 33. புஸ்கெட்ஸுக்கு 32, ஆல்பாவுக்கு 31. ஓடி ஓடி நெருக்கும் பேயர்ன் அணிக்கு எதிரே நின்றவர்கள் இவர்கள். இந்த அணியை ஏழு மாதப் பயிற்சியாளரா கட்டினார்?

இன்னும் கொடுமை இருக்கிறது. 75ஆவது நிமிடத்தில் பேயர்னுக்காக மாற்று ஆட்டக்காரராக வந்து, ஒரு கோலுக்கு வழிசெய்து, கடைசி இரண்டு கோல்களையும் தானே அடித்தவர் கூட்டின்யோ. அவர் பார்சிலோனாவின் சொந்த ஆட்டக்காரர்! 2018 ஜனவரியில் 12 கோடி யூரோவுக்குக் குறையாமல் கொடுத்து வாங்கி, பயன்படுத்தத் தெரியாமல் பேயர்னுக்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள். அந்த முடிவுகளில் கையெழுத்திட்ட நிர்வாகத்தைப் பற்றி எனக்கு வந்த பிரதிகளில் ஒரு பத்திகூட இல்லை. கிளப் தலைவர் பார்தொமெயு அக்டோபரில்தான் விலகினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் புதிய தலைவர் லபோர்டா கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று அறிவித்தார். அதே மாதம் மெஸ்ஸியும் போய்விட்டார்.

பயிற்சியாளரை மாற்றிப் பலன் கிடைத்ததா? 2021 செப்டம்பரில் கூமன் தலைமையில் அதே பேயர்னிடம் 0-3. அவரையும் நீக்கினார்கள். டிசம்பரில் சாவி தலைமையில் மறுபடி 0-3. ரசிகர்கள் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லிக் கத்தும்போது நிர்வாகிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஒருவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினால் கூச்சல் அடங்கிவிடும். ஆட்டக்காரர்களை வாங்கிய கணக்கை யாரும் கேட்பதில்லை.

எனவே எழுதுவதற்கு முன் களமிறங்கிய ஒவ்வொருவரும் எந்த ஆண்டு, யார் காலத்தில் வாங்கப்பட்டார் என்று எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

பயிற்சியாளரை நீக்குவதே தவறு என்று மறுகோடிக்கு ஓடுவது

இதுவும் நடக்கிறது. அந்த 8-2க்கு ஒன்பது மாதங்கள் முன்பு, பிராங்க்பர்ட்டிடம் 1-5 என்று தோற்றதும் பேயர்ன் தன் பயிற்சியாளர் கோவாச்சை அனுப்பிவிட்டு ஹான்சி ஃபிளிக்கை நியமித்தது. அது சரியான முடிவு. நல்ல அணி ஏற்கெனவே கையில் இருந்தது. கோவாச் காலத்தில் பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாமஸ் முல்லர்தான் லிஸ்பனில் முதல் கோலை அடித்தார். கையில் இருந்ததைப் பயன்படுத்தவில்லை என்று காட்ட முடிந்தால், பயிற்சியாளரைத் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

செய்தியாளர் சந்திப்பில் அவர் முகம் போன போக்கை ஆராய்வது

வேண்டாம்.

குடும்பத்தை இழுப்பது

அப்படி ஒரு வரி இருந்தால் அந்தப் பிரதியை அதற்கு மேல் படிக்க மாட்டேன்.