பெயர் அதேதான், வண்டி வேறு: புது மாடல் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மச்சான் பதினோரு வருஷம் ஒரே டீசல் வண்டியை டாக்ஸியாக ஓட்டினார். ராமேஸ்வரம் ஸ்டேஷன், கோயில், லாட்ஜ், தனுஷ்கோடி என்று தினமும் அதே சுற்று. அந்த வண்டி தந்த நம்பிக்கையில், அதே பெயரில் வந்த புது மாடலை ஓட்டிக்கூடப் பார்க்காமல் புக் செய்தார். நாலு மாதத்தில் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய, வண்டி இழுவை குறைந்து நின்றது. மதுரை வரை கொண்டுபோய்த்தான் சரி செய்ய முடிந்தது. “மச்சான், பேர் மட்டும்தான் ஒண்ணு” என்றார். நம் பக்கம் வண்டி எடுப்பவர்களில் பலர் இப்படித்தான் பெயரை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். முதல் தவறே அதுதான்.

ஒரு பெயர் நன்றாக விற்றால் கம்பெனி அதை விடாது, அடியில் இருக்கும் வண்டியை மட்டும் மாற்றிவிடும். மாருதி ஜென் என்றால் ஒரு காலத்தில் தாழ்வான, துடிப்பான சின்னக் கார். 2006 கடைசியில் ஜென் எஸ்டிலோ என்று வந்தது உயரமான, முற்றிலும் வேறு வண்டி. 1998-ல் வந்த டாடா சஃபாரி தனி இரும்புச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் உட்கார்ந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டி. ஃபோர் வீல் டிரைவும் கிடைத்தது. 2021-ல் அதே பெயரில் வந்தது முன்சக்கரம் இழுப்பது, அதில் ஃபோர் வீல் டிரைவ் இல்லை. இன்னோவாவும் அப்படித்தான். 2005-ல் வந்ததும் 2016-ல் வந்த கிரிஸ்டாவும் பின்சக்கர டிரைவ், டீசல் உண்டு. 2022 கடைசியில் வெளியிட்ட ஹைகிராஸில் தனிச் சட்டம் கிடையாது, முன்சக்கர டிரைவ், டீசலே இல்லை. இவற்றை மோசமான வண்டிகள் என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் ஹைகிராஸ் சொகுசு. ஆனால் பின்னால் ஆறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறி, கடற்கரை ஓரம் மணலில் இறங்கிவிட்டால், பாரம் விழும் பின்சக்கரத்துக்கே இழுவை இருக்கும் வண்டி ஏறிவிடும். முன்சக்கர வண்டி அதே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். டிரைவ் எந்தச் சக்கரத்தில் என்று ஷோரூமில் கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மச்சானின் விளக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இது தீவுக்குள் ஓடும் எல்லா டீசல் வண்டிக்கும் பொருந்தும். 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிறைந்ததும் உள்ளேயே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அந்தச் சூடு வர, வண்டி நிற்காமல் இருபது நிமிஷமாவது ஒரே சீராக ஓட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கே ஏசி போட்டு அரை மணி நேரம் நிற்பது, மறுபடி லாட்ஜுக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடினால் கரி சேருமே தவிர எரியாது, வடிகட்டி அடைத்து மஞ்சள் விளக்கு வந்துவிடும். பழைய டீசலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, கரும்புகையாகக் கக்கிவிட்டுப் போய்விடும். நம் ஊர்க் காற்றுக்கு வடிகட்டி நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஓட்டும் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று வண்டியைக் கையில் கொடுப்பவர்கள் சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் கோபம் வருகிறது. வெறும் குட்டை ஓட்டம்தான் உங்கள் தொழில் என்றால் பெட்ரோலோ சிஎன்ஜியோ பாருங்கள். டீசல்தான் வேண்டும் என்றால், விளக்கு எரிந்ததும் இன்ஜினை அணைத்துவிடாமல் பாலம் தாண்டி உச்சிப்புளி பக்கம் ஒரு ஓட்டம் விடுங்கள்.

அடுத்தது திரை. பெரிய திரை இருந்தால் முன்னேறிய வண்டி என்று நினைப்பது. வாடைக்காற்று அடிக்கும் மாதத்தில் காலை ஆறரைக்கு தனுஷ்கோடி ரோட்டில் போய்ப் பாருங்கள். சூரியன் நேர் எதிரே. கடல் சாரல் கண்ணாடியில் பட்டுக் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும், வைப்பர் போட்டால் இன்னும் மெழுகிவிடும். உள்ளே ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சில் கண்ணாடி மூடும். அந்த நேரத்தில் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப, பழைய வண்டியில் குமிழைத் தடவிப் பார்த்தே திருப்பிவிடலாம். புது வண்டியில் திரையைத் தொட்டு, உள்ளே போய், படத்தைத் தேட வேண்டும். கண் ரோட்டில் இல்லாத அந்த இரண்டு வினாடி எனக்குப் பயம். இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. 2019-ல் வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் சூட்டையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் தொடுபட்டைக்கு இரவில் வெளிச்சம்கூட இல்லை. வாங்கியவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2024 மாடலில் பட்டைக்கு விளக்கும், ஸ்டீயரிங்கில் பழையபடி பட்டனும் வந்தன. 2026 முதல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார் பாதுகாப்புச் சோதனையில் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையில் தட்டுப்படும் பட்டன் இருக்க வேண்டும். ஆகவே திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏசியைக் கூட்ட முடிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்க்காமல் வருவதும் தவறுதான். டயர் காற்றைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-லேயே விதி தளர்ந்துவிட்டது. கிட் ஆணிக்குச் சரி, பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அது நடந்தால் யோசித்துப் பாருங்கள். மேலே கண்ணாடிக் கூரை இருந்தால் கேரியர் போடுவதும் சிரமம். பயணிகளின் மூட்டையை எங்கே வைப்பீர்கள்?

உப்பு பற்றி. மண்டபத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இரண்டு வயது வண்டியின் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார்கள். இரண்டு கை மணல் கொட்டியது. ஈரம் காயாத கடல் மணல். காற்று வழுக்கிப் போய் மைலேஜ் கூட வேண்டும் என்று புது வண்டிகளில் அடியை இப்படி மூடுகிறார்கள். மேலே நின்று தண்ணீர் அடித்தால் அந்த மணல் போகாது. வருஷம் ஒருமுறையாவது மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். இன்னொன்று, துருவுக்கு எதிராகப் பூசுகிறேன் என்று கதவின் அடியில் இருக்கும் சிறு வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பிறகு உள்ளே தேங்கும் தண்ணீரே கதவை அரிக்கும். பூசி முடித்ததும் விரலால் தடவிப் பாருங்கள்.

முதல் மாதத்திலேயே புக் செய்ய ஓடாதீர்கள். ஹோண்டா சிவிக்குக்கே சறுக்கியது. 2011-ல் அமெரிக்காவில் வந்த ஒன்பதாம் தலைமுறை உள்ளே மலிவாக இருக்கிறது என்று, பொருட்களைச் சோதித்துச் சொல்லும் அமெரிக்க இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் தன் பரிந்துரையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. ஹோண்டா காத்திருக்கவில்லை, 2013 மாடலிலேயே உட்புறத்தையும் சஸ்பென்ஷனையும் திருத்தியது. அவசரமாக வாங்கியவர்களுக்குப் பழைய உட்புறம்தான்.

இதைப் படித்துவிட்டுப் பழைய வண்டியே போதும் என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். திடீரென பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், விற்கும் எல்லாக் கார்களுக்கும் 2019 ஏப்ரலில்தான் கட்டாயமானது. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மழை நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூம் ஆள் காட்டும் நல்ல ரோட்டில் ஒரு வட்டம் போதாது. வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஏற்றுங்கள். பாட்டி சேலையோடு மூன்றாவது வரிசைக்கு ஏற முடிகிறதா என்று பாருங்கள். ஆள் நிறைந்த பிறகு வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்று கேளுங்கள். கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் பல நேரம் காலி வண்டிக்கானது.

மச்சான் வண்டியை விற்கவில்லை. இப்போது சனிக்கிழமை விடியற்காலையில் பாம்பன் பாலம் ஏறி ராமநாதபுரம் வரை நிற்காமல் ஓட்டி, அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். அந்த மஞ்சள் விளக்கு அப்புறம் எரியவில்லை.