ஈசிஆர்ல ரோடு வேலை நடக்கும்போது சைக்கிள்காரங்களுக்கும் நடந்து போறவங்களுக்கும் வழி விடுறது எப்படி

நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ரோடு வேலைன்னா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும், பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டு நாலு பாரிகேட் வச்சு பஸ்ஸும் லாரியும் மாறி மாறிப் போக ஒரு லேன் விட்டுட்டு பிளான் முடிஞ்சிருச்சுன்னு கிளம்பிருவாங்க. நடந்து போறவங்க எங்க போவாங்கன்னு அந்த பிளான்ல ஒரு கோடு கூட இருக்காது. தேவிபட்டினம், உச்சிப்புளி, ஏர்வாடி எங்க பாத்தாலும் ரோட்டோரத்துல சீமைக்கருவேலம் நீட்டிக்கிட்டு நிக்குது, தாண்டி இறங்கினா சைக்கிள் வீல் மணல்ல புதையும், அப்ப வேற வழியில்லாம லாரி வர்ற லேனுக்குள்ளயே தான் வருவாங்க. அதனால பிளானை மாத்திப் போடுங்க: முதல்ல நடக்குறவங்களுக்கு வழி, அடுத்து சைக்கிளுக்கு, மிச்ச அகலத்துல தான் வண்டிங்களுக்கு. வண்டியை நிறுத்தி வைக்கலாம், ஸ்கூல் பிள்ளைங்களை முள்ளுக்குள்ள இறக்கி விட முடியாது.

தோண்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல யார் யார் எந்த நேரம் போறாங்கன்னு போய் நின்னு பாருங்க. விடியக்காலை இருட்டுல மீன் எடுக்கப் போறவங்க, காலையும் சாயங்காலமும் ஸ்கூல் சைக்கிள், கீழக்கரை பக்கம்னா வெள்ளிக்கிழமை ஜும்ஆ கூட்டம், ராமேஸ்வரம் ரோடுன்னா ஆடி அமாவாசை தை அமாவாசை, ஏர்வாடின்னா சந்தனக்கூடு. அந்த நாள்ல வேலையை நிறுத்தி குழியை மூடி வச்சிருங்க, அதான் நல்லது.

இப்ப அகலம். நடைபாதைக்கு ஐஆர்சி 103, அதாவது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட நடைபாதை வழிகாட்டி, சொல்றது குறைஞ்சது 1.8 மீட்டர், நடுவுல போஸ்ட்டோ ஜல்லிக் குவியலோ இல்லாம. தற்காலிக வழிக்கும் அதையே வச்சுக்கங்க. சைக்கிளுக்குத் தனியா 1.5 மீட்டராவது விடுங்க. மீன் விக்கிறவரோட சைக்கிளைக் கிட்டப் போய்ப் பாத்தீங்கன்னா புரியும், பின்னாடி கட்டியிருக்குற ஐஸ் பெட்டி ஹேண்டில்பாரை விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், வெயிட் பூராவும் பின்வீல் மேல இருக்கறதால மெதுவா போகும்போது முன்வீல் ஆடும், ஐஸ் தண்ணி வேற சொட்டும். ரோட்டு நீளத்துக்கே ஓடுற தார் விளிம்பு கொஞ்சம் உயரமா இருந்தாலே வீல் அதுல மாட்டி ஆளைக் கீழ தள்ளிரும். அந்த விளிம்பை சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சரிவா மட்டம் பண்ணுங்க, 1 அடி உயரத்துக்கு 3 அடி சரிவுன்னு வச்சுக்கலாம். குழி மேல இரும்பு பிளேட் போட்டா அது மழையில வழுக்கும், மேல சொரசொரப்பா ஏதாவது ஒட்டணும்.

சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டினா பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. பார்வை இல்லாதவர் குச்சியைத் தட்டிக்கிட்டு வந்தா குச்சி ரிப்பனுக்கு அடியில போயிரும், ஆளு நேரா குழிக்குள்ள. தரையை ஒட்டி ஒரு கட்டையோ பைப்போ ஓடுற மாதிரி பாரிகேட் வேணும். நம்ம ஊரு ஆடிக் காத்துல வெறும் ஸ்டாண்ட் நிக்கவே நிக்காது, அடியில மணல் சாக்கு போடுங்க, கல்லு வைக்காதீங்க ஏன்னா வண்டி இடிச்சா கல்லு தெறிச்சு அடுத்தவன் மேல விழும். உப்புக் காத்துல ஸ்டாண்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால அடிக்கடி ஆட்டிப் பாருங்க.

வண்டிங்களுக்கு வர்றேன். ரோடு வேலை நடக்குற இடத்துல போக்குவரத்தைச் சமாளிக்கிறதுக்கான வழிகாட்டி ஐஆர்சி எஸ்பி 55, அதுல எச்சரிக்கை போர்டு எங்க, லேன் எங்க குறையணும்னு பகுதி பகுதியா பிரிச்சு இருக்கு, சைட்ல ஒரு காப்பி வச்சுக்கங்க. 80ல வர்ற வண்டி டிரைவர் கண்ணுல பட்டு நிக்கிறதுக்கு 120 மீட்டர் வேணும், அப்ப குழிக்கு 20 மீட்டர் முன்னாடி போர்டு வச்சு என்ன பிரயோஜனம்? டிராஃபிக் கோனை சாய்வா வச்சு லேனை மூடுறதுக்கு எவ்வளவு நீளம் வேணும்னு அமெரிக்காக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 60 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் மூடுற அகலத்தை வேகத்தால பெருக்கி, வந்ததை மறுபடியும் வேகத்தால பெருக்கி 155ஆல வகுக்கணும். 3.5 மீட்டர் லேன், 40 வேகம்னா 36 மீட்டர் வருது, 60ன்னா 81. வேகத்தைக் குறைச்சா எவ்வளவு இடம் மிச்சமாகுதுன்னு பாருங்க!

ஒரு லேன்ல மாத்தி மாத்தி விடும்போது கொடி பிடிக்கிறவங்க தான் உயிரு. 300 மீட்டர் தூரத்தை 30ல போற லாரி 36 செகண்ட்ல தாண்டிரும், 12ல போற சைக்கிளுக்கு 90 செகண்ட் ஆகும், லாரியை வச்சு கணக்குப் போட்டு எதிர்ப்பக்கம் திறந்து விட்டா பாதி வழியில சைக்கிள்காரர் பஸ்ஸுக்கு நேருக்கு நேரா நிப்பார். கடைசி சைக்கிள் வெளிய வந்துருச்சுன்னு அந்த முனையில இருக்குறவர் வாக்கி டாக்கில சொன்னாத்தான் இந்தப் பக்கம் கொடியைத் திருப்பணும்.

பாம்பன் ரோடு பாலம் தனிக் கேஸ். 1988ல திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், ஒதுங்க மண் ஓரமே கிடையாது, ரயில் பாலத்தைப் பாக்க ஜனம் வேற நிக்கும். அங்க சின்னச் சின்ன நீளமா வேலை பாருங்க, ஒரு பக்க நடைபாதையை மூடினா இன்னொரு பக்கம் கண்டிப்பா திறந்து இருக்கணும், மாறச் சொல்ற போர்டு பாலத்து முனையிலயே இருக்கணும், நடுவுல போய் வழி இல்லன்னு சொன்னா யாரும் திரும்பி நடக்க மாட்டாங்க.

ஐப்பசி கார்த்திகையில நீளமா பள்ளம் வெட்டிப் போடாதீங்க, தண்ணி நிறைஞ்சா ரோடு எது குழி எதுன்னு தெரியாது. ராத்திரிக்கு ஒளி திருப்புற ஸ்டிக்கரும் பிளிங்கரும் வேணும், ஃபோக்கஸ் லைட்டை டிரைவர் கண்ணுக்கு நேரா திருப்பாதீங்க.

காண்ட்ராக்டருங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல சேத்த 198ஏ பிரிவுப்படி, ரோடு அமைப்புலயோ பராமரிப்புலயோ விதிமுறையை விட்டதால சாவோ ஊனமோ வந்தா 1 லட்சம் வரைக்கும் அபராதம். ஊர்க்காரங்க நேஷனல் ஹைவேல இப்படிக் குழி திறந்து கிடக்குறதைப் பாத்தா 1033க்கு அடிங்க, கிலோமீட்டர் கல்லு நம்பரையும் சேத்துச் சொல்லுங்க, அப்பத்தான் இடம் புரியும். ஆள் விழுந்து கிடந்தா முதல்ல 108.