சங்கின் நுனியில் அதன் குஞ்சுப் பருவத்தைப் படிப்பது எப்படி?

தருமபுரியிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் பல மணி நேரம் ஆகும் என்பதால், கடல் உயிரிகளின் இனப்பெருக்கம் நம் மாவட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் பாடநூலோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு கடல் நத்தை முட்டையிலிருந்து வெளிவந்ததும் நீரில் மிதந்து திரிந்ததா, முட்டைக்கூட்டுக்குள்ளேயே வளர்ந்து ஓட்டைச் சுமந்தபடி ஊர்ந்து வெளியே வந்ததா என்பது அதன் ஓட்டு நுனியிலேயே பதிந்திருக்கிறது. அதைப் படிக்க 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றும் நுனி உடையாத சில சங்குகளும் போதும்.

இப்படிப் படிப்பதைக் கொண்டு அலசிப் பார்க்கத் தக்க ஒரு விதி உண்டு. டென்மார்க் அறிஞர் குன்னர் தோர்சன் 1950இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெப்பக் கடல்களின் அடித்தரையில் வாழும் முதுகெலும்பற்றவற்றில் நீரில் மிதந்து நுண்பாசிகளைத் தின்று வளரும் இளவுயிரிகளை (லார்வாக்களை) கொண்ட இனங்களின் பங்கு அதிகம். துருவங்களை நோக்கிப் போகப் போக அது குறைகிறது. குளிர்நீரில் வளர்ச்சி மெதுவாக நடக்கும், நுண்பாசி பெருகும் காலமோ குறுகியது. நெடுநாள் மிதப்பவை பசியாலோ இரையாகியோ மடியும் என்பது அவர் தந்த விளக்கம். 1971இல் சோவியத் கடலுயிரியலாளர் மிலெய்கோவ்ஸ்கி இதற்குத் தோர்சன் விதி என்று பெயரிட்டார்.

முதலில் ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் நுனியை மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். நுனி உங்கள் கண்ணை நோக்கியிருக்குமாறு மாவு உருண்டையில் நட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாய்ச்சினால், வழவழப்பான தொடக்கச் சுருள் முடிந்து வரிகளோ முடிச்சுகளோ தொடங்கும் எல்லை நிழலாகத் தெரியும். அந்த எல்லைக்கு உட்பட்டதுதான் பிஞ்சு ஓடு. அதன் சுற்றுகளை எண்ணுங்கள். ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றுடன் குமிழ்போல் பருத்திருந்தால் அது பெரும்பாலும் மிதக்காமல் வளர்ந்த இனம். ஊசிமுனையாகத் தொடங்கி மூன்று சுற்றுக்கு மேல் இறுக்கமாகச் சுழன்றிருந்தால் நீரில் மிதந்து தின்று வளர்ந்த இனம். இடைப்பட்டவற்றைத் தனியே வையுங்கள். அவற்றை வலிந்து ஒரு பக்கம் சேர்ப்பதுதான் தொடக்கநிலையில் பலரும் செய்யும் பிழை.

மாதிரிக்கு வீட்டுப் பூஜையறையிலிருந்தே தொடங்கலாம். ஊதும் சங்கு உதவாது, ஏனெனில் வாய் வைப்பதற்காக அதன் நுனியை வெட்டியிருப்பார்கள். சோழியும் வேண்டாம், வளர்ந்த சோழியின் நுனியைப் பிந்தைய ஓடு மூடிவிடும். நுனி வெட்டாத, அதிகம் மெருகேற்றாத வலம்புரி அல்லாத சாதாரணச் சங்கு கிடைத்தால் அதன் உச்சியைப் பாருங்கள்: முலைக்காம்புபோல் தடித்த குமிழ் ஒன்று நிற்கும். மன்னார் வளைகுடாவில் வாழும் இந்தச் சங்கு, ஆட்டுக்கொம்புபோல் முறுக்கிய முட்டைக்கூட்டின் அறைகளுக்குள் குஞ்சுகளை வளர்த்துச் சிறு சங்குகளாகவே வெளியே விடுகிறது. வெப்பக் கடலில், ஏறக்குறைய 9 பாகை வடக்கில் வாழ்ந்தும் அது துருவத்து வழக்கத்தைக் கைக்கொள்கிறது. விதி பேசுவது இனங்களின் விகிதத்தைப் பற்றி என்பதால், ஒரு சங்கைக் கொண்டு அதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது.

ஆகவே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல இனங்களை, கிடைத்த இடத்தின் அகலாங்கையும் (அட்சரேகையையும்) குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். குளிர்க்கடல் இனங்களுக்கு அருங்காட்சியகங்களின் இணையப் படத்தொகுப்புகள் உதவும். கடற்கரைக் கடைகளில் வாங்கும் சங்கு எந்தக் கடலிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம்; இடம் உறுதியில்லாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுருள் ஓடுள்ள கடலுயிரியான நாட்டிலஸ் போன்ற சிலவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதால் அவற்றை வாங்கவே வேண்டாம்.

அகலாங்கு எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வட அட்லாண்டிக்கின் ஒரே பாறையில் வாழும் இரு நத்தைகளில், லிட்டோரினா லிட்டோரியாவின் இளவுயிரிகள் நீரில் மிதந்து வளர்கின்றன; லிட்டோரினா சாக்சாட்டிலிஸோ குட்டிகளை உடலுக்குள்ளேயே வளர்க்கிறது. அண்டார்க்டிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் ஒடோன்டாஸ்டர் வாலிடஸ் என்னும் நட்சத்திர மீனின் இளவுயிரிகள் மிதந்து தின்றே வளர்கின்றன. நத்தைகளில் ஓரளவு பொருந்தும் விதி நட்சத்திர மீன் உள்ளிட்ட முட்தோலிகளில் தடுமாறுவதால், இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

நம் ஏரிக்கரை நத்தைகளையும் ஒப்பீட்டுக்கு லென்ஸின் கீழ் வைத்துப் பாருங்கள், ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டாம். நன்னீர் நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு மிதக்கும் பருவமே இல்லை. அதற்கும் அகலாங்குக்கும் தொடர்பு கிடையாது.