வெட்டிய கட்டி எங்கே போயிற்று? தோல் புற்றுநோய்ச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பாவின் கெண்டைக்காலில், சிறுவயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டிய தழும்பு உண்டு. அறுபதைத் தாண்டிய பிறகு அந்தத் தழும்பின் நடுவே ஒரு புண் வந்தது. அவருக்குச் சர்க்கரை இருந்ததால் சர்க்கரைப் புண் என்று நாங்களே முடிவுகட்டி, ஏழு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். ஓரம் தடித்துக் காலிஃபிளவர் போல எழும்பிய பிறகுதான் பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றுக்குக் கூட்டிச் சென்றோம். வெட்டி எடுத்துத் தையல் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் முளைத்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "முன்பு வெட்டியதன் பயாப்சி ரிப்போர்ட் எங்கே?"

ரிப்போர்ட் இல்லை. வெட்டிய சதை குப்பைக்குப் போயிருந்தது. அனுப்பாதது அவர்கள் தவறு. அனுப்பினீர்களா என்று கேட்காதது எங்கள் தவறு.

தோலிலிருந்து எதை வெட்டினாலும், அது வெறும் மரு என்று மருத்துவர் சொன்னாலும், நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிறிய ஊர்களில் சதைத்துண்டைப் பாட்டிலில் போட்டு உறவினர் கையிலேயே கொடுத்து, லேபில் சேர்க்கச் சொல்வது வழக்கம். அந்தப் பாட்டிலில் இருப்பது சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினா என்று கேட்டுவிடுங்கள். சலைனில் போட்டு ஒரு நாள் வைத்திருந்தால் சதை கெட்டுப்போகும். மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் நோயாளியின் பெயரும், உடம்பில் எடுத்த இடமும் எழுதியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் நோயின் வகை மட்டும் இருந்தால் போதாது. வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா என்பது வேண்டும்; மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று) என்றால் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதும் வேண்டும். 1 மி.மீ.க்குள் இருந்தால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலைச் சேர்த்து எடுப்பார்கள், 2 மி.மீ.யைத் தாண்டினால் 2 செ.மீ. அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் அடுத்த அறுவையே தீர்மானமாகிறது. லேபில் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும், அதன் சீவல்களை ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனை அவற்றையே மறுபடி பார்க்கும். இன்னொரு முறை சதை எடுக்க வேண்டி வராமல் போகலாம்.

'கத்தி வைத்தால் பரவிவிடும்' என்று பயாப்சிக்கு மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயாப்சி எடுப்பதால் தோல் புற்று பரவுவதில்லை. பயத்தில் தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது வளர்கிறது.

இன்னொரு தவறு, தேடும் இடத்தைப் பற்றியது. மச்சம் பெரிதாகிறதா, நிறம் மாறுகிறதா என்று கவனிக்கச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்காக எழுதப்பட்டவை. நம் போன்ற கருந்தோலில் மெலனோமா அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. உள்ளங்காலில் வந்தால் கால் ஆணி என்று மருந்துக்கடைப் பட்டையை ஒட்டுகிறோம். நகத்தில் வந்தால் நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகுகிறோம். நகத்தில் புதிதாகக் கருங்கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால், அதற்கு எலுமிச்சம்பழம் மருந்தல்ல.

பெரியப்பாவுக்கு வந்தது பழந்தழும்புப் புற்று. மார்ஜோலின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1828இல் இத்தகைய புண்களை விவரித்தார். காஷ்மீரில் குளிருக்காக வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச் சட்டியாலும் தோல் புற்று வருகிறது. இடுப்பில் வேட்டியை ஆண்டாண்டாக இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி மும்பையின் நோய்க்குறியியல் மருத்துவர் கானோல்கர் 1945இலேயே எழுதியிருக்கிறார். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடாமல் காட்டுங்கள்.

எங்கே காட்டுவது? மச்சத்தை லேசரில் பொசுக்கித் தரும் அழகுநிலையத்தில் அல்ல. பொசுக்கிவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் செலவில்லாமல் பார்க்கிறார்கள். புற்று உறுதியான பிறகு காஞ்சிபுரம் காரப்பேட்டையின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இருக்கின்றன.

பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலக மையத்துக்குப் போக வேண்டும். தனியார் மருத்துவமனையில் இந்தத் திட்டம் சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்கி, பணம் கட்டாமல் பார்த்துக்கொள்வது. "இப்போது ரொக்கமாகக் கட்டுங்கள், பிறகு திரும்ப வரும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பட்டியலில் மருத்துவமனையின் பெயர் இருப்பதும் போதாது. உங்களுக்குத் தேவையான சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒப்புதல் கேட்கும்போது நோயை உறுதிசெய்யும் பயாப்சி ரிப்போர்ட் முதலில் தேவைப்படும். குப்பைக்குப் போன சதையின் விலை அப்போதுதான் தெரியும்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் விழும் குழி வேறு. கடும் நோய் உறுதியானால் மொத்தமாகப் பணம் தரும் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியில் 'புற்றுநோய்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே விலக்குப் பட்டியலைப் படித்தால், மெலனோமா அல்லாத தோல் புற்று நிணநீர் முடிச்சுக்கோ அதற்கு அப்பாலோ பரவியிருந்தால்தான் பணம் என்று இருக்கும். மேல்தோலைத் தாண்டாத மெலனோமாவுக்கும் கிடையாது. சாதாரண மருத்துவமனைச் செலவுப் பாலிசிக்கு இந்த விதி பொருந்தாது என்பதால், கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள். பழைய புண்ணை மறைத்துப் புதுப் பாலிசி எடுக்கும் யோசனையை ஏஜெண்டே சொன்னாலும் கேட்காதீர்கள். கிளைம் நேரத்தில் பழைய சீட்டுகளைத் தோண்டி எடுத்துவிடுவார்கள்.

ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியாவது போகும் குடும்பங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லும் மறுபரிசோதனையைப் பஸ் செலவுக்குப் பயந்து விட்டுவிடுகின்றன. மருத்துவமனையில் சான்றுப் படிவம் வாங்கி ரயில்வே கவுன்டரில் கொடுத்தால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். பெரியப்பா இப்போது அப்படித்தான் போய்வருகிறார். மருத்துவர் அவருடைய தொடையிடுக்கில் விரலை அழுத்தி நெறிகட்டியிருக்கிறதா என்று தேடுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பெரியப்பாவின் பச்சை ஃபைலில் முதல் தாளாக இரண்டாவது ஆபரேஷனின் ரிப்போர்ட் இருக்கிறது. அதன் நகலை லேமினேஷன் செய்து பெரியம்மா பீரோவிலும் ஒன்று வைத்திருக்கிறார்.