ஓபன்சீஸில் விஸ்கஸ் டேம்பர்: ஒரு மாடிச் சட்டகத்தில் தொடங்குவோம்

சுங்கை சிப்புட் பக்கம் செம்மண் தோட்டச் சாலையில் மோட்டார் ஓட்டியவர்களுக்கு விஸ்கஸ் டேம்பர் புதிதல்ல. பின்சக்கரத்து அப்சார்பரில் எண்ணெய் கசிந்துவிட்டால், ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அடுத்த பள்ளம் வரை குதித்துக்கொண்டே போகும். ஸ்பிரிங் இருக்கிறது, ஆட்டத்தை விழுங்கும் எண்ணெய்தான் இல்லை. கட்டடத்து டேம்பரிலும் பிஸ்டன் நகர, எண்ணெய் சிறு துளைகளில் பிதுங்கி, ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறுகிறது.

நமக்கு எதற்கு இது என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். மலேசியாவிலும், 2015 ஜூன் 5 அன்று சபா மாநிலத்து ரானாவில் 6.0 அளவில் நிலம் அதிர்ந்ததை மறந்துவிடக் கூடாது.

முதல் படி, டேம்பர் இல்லாத சட்டகம். நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று கணக்கிடும் மென்பொருள்தான் ஓபன்சீஸ் (OpenSees). அது இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். அகலம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர், மேல்தள நிறை 20 டன். பக்கவாட்டு விறைப்பு மீட்டருக்கு 3,158 கிலோநியூட்டன் வருமாறு தூண்களை அமையுங்கள். ஐகன் பகுப்பாய்வில், அதாவது சட்டகம் தானாக ஆடும் வேகத்தைக் கண்டறியும் கணக்கில், அலைவுக்காலம் 0.5 நொடி வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

இரண்டாவது, டேம்பரின் கெழு C, அதாவது பிஸ்டனின் வேகத்துக்கு எவ்வளவு விசை என்று சொல்லும் எண். கோண அதிர்வெண், 2π-ஐ 0.5 நொடியால் வகுத்தால், நொடிக்கு 12.57 ரேடியன். நிறை, அதிர்வெண் இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் மாறுநிலைத் தணிப்பு (முன்னும் பின்னும் ஆடாமலே நின்றுவிடத் தேவையான அளவு) 503 கிலோநியூட்டன்-நொடி/மீட்டர். அதில் 15 விழுக்காடு வேண்டுமென்றால் 75.4. ஆனால் டேம்பர் மூலைவிட்டமாகச் சாய்ந்து நிற்கிறது: நீளம் 5 மீட்டர், கொசைன் 0.8. தளத்தின் வேகத்தில் 0.8 பங்குதான் பிஸ்டனுக்குப் போகிறது. பிஸ்டன் தரும் விசையிலும் 0.8 பங்குதான் தளத்துக்குத் திரும்புகிறது. ஆகவே 0.64-ஆல் வகுக்க வேண்டும். C = 118. புதியவர்கள் பெரும்பாலும் ஒரு முறை மட்டும் வகுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் டூ நோட் லிங்க் உறுப்பால் இணையுங்கள்; அச்சுத் திசைக்கு மட்டும் விஸ்கஸ் டேம்பர் பொருள், வேகத்தின் அடுக்கு α = 1. அந்தப் பொருள் ஒரு தொடர் ஸ்பிரிங்கின் விறைப்பையும் கேட்கும். டேம்பரைத் தாங்கும் பிரேஸ், அதாவது சாய்வுக் கம்பிதான் அது. முதலில் பெரிய எண் கொடுத்துப் பாருங்கள், பிறகு உண்மையான பிரேஸின் விறைப்புக்கு இறங்குங்கள். சட்டகத்தின் சொந்தத் தணிப்புக்கு, நிறையையும் விறைப்பையும் வைத்துக் கணக்கிடும் ரேலி தணிப்பு 2 விழுக்காடு போதும். டேம்பர் உறுப்புக்கு அது வேண்டாம்.

நான்காவது படியை யாரும் தாண்டக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். நிலநடுக்கப் பதிவைக் கொடுக்கும் முன் தளத்தை 10 மில்லிமீட்டர் இழுத்துவிட்டு விடுங்கள். டேம்பர் இல்லாமல், ஒரு முழு ஆட்டத்துக்குப் பிறகு அதே பக்கத்து அடுத்த உச்சம் 8.8 மில்லிமீட்டர், டேம்பருடன் 3.4 அருகில் வர வேண்டும்.

பிறகு கலிபோர்னியாவில் 1940-இல் பதிவான எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவைக் கொடுங்கள். டேம்பரின் விசையையும் நீட்சியையும் எதிரெதிரே வரைந்தால் நீள்வட்ட வளையங்கள் தெரியும். α-வை 0.3 ஆக்கினால் வளையம் செவ்வகத்தை நெருங்கும். அப்போது C-யையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அலகும் மாறும். மில்லிமீட்டரில் தந்த C-யை மீட்டருக்கு மாற்ற நான் ஒருமுறை 1000-ஆல் பெருக்கினேன். பெருக்க வேண்டியது 1000-இன் 0.3 அடுக்கு, அதாவது 7.94. கட்டடம் அசையவே இல்லை என்று மகிழ்ந்தேன். வளையத்தை வரைந்தபோதுதான் பிஸ்டனும் அசையவில்லை என்று தெரிந்தது.