நீளமான ஆங்கிலச் சொல்லா? வாலைப் பாருங்கள்

நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் தலையிலிருந்து எழுத்துக்கூட்டாமல் வாலைப் பாருங்கள்: ‘ஷன்’ என்றோ ‘இக்’ என்றோ முடிந்தால் அழுத்தம் (அதாவது ஓங்கிச் சொல்ல வேண்டிய இடம்) கடைசி அசைக்கு முந்தைய அசையில், ‘இட்டி’, ‘கிராஃபி’, ‘லஜி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து எண்ணி மூன்றாவது அசையில். இக்-ஸா-மி-நே-ஷன் என்பதில் ‘நே’யை இழுத்து ஓங்கிச் சொல்லி மற்றதை வேகமாக விழுங்கிவிட்டால் போதும், சரியாக வந்துவிடும்.

இந்த விகுதிகள் பெரும்பாலும் லத்தீன், கிரேக்க மூலத்திலிருந்து வந்தவை, சொல்லோடு ஒட்டும்போது அழுத்தத்தையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஃபோட்டோகிராஃபில் ‘ஃபோ’வில் இருக்கும் அழுத்தம் ஃபொட்டாகிராஃபியில் ‘டா’வுக்கும் ஃபோட்டோகிராஃபிக்கில் ‘கிரா’வுக்கும் நகர்கிறது, எலெக்ட்ரிக்கில் ‘லெக்’, எலெக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. தமிழில் இப்படி ஒரே அசையை ஓங்கிச் சொல்லும் பழக்கம் இல்லை, எல்லா அசையையும் ஏறக்குறையச் சமமாகச் சொல்லுவோம், அந்தப் பழக்கத்திலேயே ஆங்கிலத்தையும் பேசும்போது கேட்பவர் ‘என்ன?’ என்று திரும்பக் கேட்கிறார்.

எல்லா வாலுக்கும் இது செல்லாது. ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘இங்’ எல்லாம் அழுத்தத்தைத் தொடவே தொடாது, கவர்ன் எப்படியோ அப்படியே கவர்ன்மென்ட்டும் முதல் அசையில்தான். அப்புறம் சில அடங்காப்பிடாரிகள் உண்டு: பாலிடிக்ஸ், அராபிக், கேத்தலிக் மூன்றுக்கும் முதல் அசையில்தான் அழுத்தம், டெலிவிஷனை ‘டெ’யில் அழுத்திச் சொல்பவர்களே அதிகம். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.