சூப்பர்நேச்சுரல் தொடரில் பிசாசு பிடிப்பது: ரசிகர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

சூப்பர்நேச்சுரல், பிசாசுகளையும் ஆவிகளையும் வேட்டையாடும் டீன், சாம் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதைப் பற்றி 'சாமுக்குப் பேய் பிடிச்சிடுச்சு' என்று எழுதினால், தொடரை முழுதாகப் பார்த்தவருக்கு எந்த சீசனைச் சொல்கிறீர்கள் என்றே பிடிபடாது. முதல் சீசனில் சாம் ஒரு மனநல மருத்துவரின் ஆவியிடம் சிக்குகிறான். இரண்டாவதில் மெக் என்ற பிசாசு உள்ளே புகுகிறது. ஐந்தாவதில் லூசிஃபர் என்ற தேவதூதன், ஒன்பதாவதில் காட்ரியேல் என்ற இன்னொரு தேவதூதன், அதே சீசனில் கொஞ்ச நேரம் கிரௌலி என்ற பிசாசு. தமிழில் இது எல்லாவற்றுக்கும் 'பேய்' என்று ஒரே சொல்லைப் போடுவதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. செத்தவர் என்றால் ஆவி, நரகத்திலிருந்து வந்தது என்றால் பிசாசு, சொர்க்கத்திலிருந்து வந்தவர் என்றால் தேவதூதன். இந்த மூன்றையும் பிரித்து எழுதினாலே பல வாக்குவாதங்கள் எழாது.

ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஆவி என்றால் எலும்பைத் தோண்டி உப்புப் போட்டு எரிக்க வேண்டும். பிசாசு என்றால் லத்தீன் மந்திரம். அதன் முதல் வரியில் வரும் 'இம்முண்டுஸ் ஸ்பிரிட்டுஸ்' நம் தமிழ் பைபிளில் இருக்கும் 'அசுத்த ஆவி'யேதான். 'அப்படியானால் ஆறாவது சீசன் நான்காம் எபிசோடில் கிரௌலியின் எலும்பை எரிப்பதாக, சகோதரர்களுக்கு உதவும் மூத்த வேட்டைக்காரர் பாபி ஏன் மிரட்டுகிறார்?' என்ற கேள்வி நியாயமானது. இந்தத் தொடரில் பிசாசுகள் எல்லாமே நரகத்தில் உருக்குலைந்த மனித ஆன்மாக்கள். கிரௌலியும் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் தையல்காரராக இருந்தவர். ஆகவே அவருக்கும் எங்கோ ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது.

அதிகமாகக் கண்ணில் படும் தவறு, பிசாசு உள்ளே புகாமல் தடுக்க சகோதரர்கள் நெஞ்சில் குத்திக்கொண்ட டாட்டூ பற்றியது. 'நெஞ்சில் டாட்டூ இருந்தும் சாமுக்குள் எப்படிப் புகுந்தார்கள்? லாஜிக்கே இல்லை' என்பார்கள். முதலில் காலத்தைப் பாருங்கள். மெக் சாமைப் பிடிப்பது 2ஆம் சீசன் 14ஆம் எபிசோட். அதன் முடிவில்தான் பாபி காப்புத் தாயத்துகளைக் கொடுக்கிறார். டாட்டூவை நாம் முதன்முதலில் பார்ப்பது 3ஆம் சீசன் 12ஆம் எபிசோடில். அடுத்து, அந்த டாட்டூ தடுப்பது பிசாசை மட்டும். தேவதூதனுக்கு அது வெறும் மை. தேவதூதன் உள்ளே புக, உடலுக்குரியவரின் சம்மதம் வேண்டும். லூசிஃபருக்கு சாம் தெரிந்தே சம்மதம் சொல்கிறான். காட்ரியேல் டீன் உருவத்தில் வந்து ஏமாற்றி வாங்குகிறான். ஏமாற்றி வாங்கினாலும் அது செல்லும் என்பதுதான் அந்தக் கதையின் கொடுமை. கிரௌலி பிசாசு என்பதால் டாட்டூவைச் சிதைத்த பிறகே அவரால் உள்ளே போக முடிகிறது. விதி எங்கும் மீறப்படவில்லை.

டீன் பிசாசான கதையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 9ஆம் சீசன் முடிவில் அவன் உடலில் வேறு யாரும் புகவில்லை. அவன் கையில் ஏற்றுக்கொண்ட காயீனின் குறி என்ற சாபக் குறி அவனையே பிசாசாக மாற்றிவிட்டது. மந்திரம் சொல்லி வெளியேற்ற உள்ளே அந்நியர் யாரும் இல்லை. அதனால்தான் சாம் வேறு வழிக்குப் போகிறான்: தூய்மைப்படுத்திய மனித ரத்தத்தை ஊசியில் ஏற்றி, மணிக்கு ஒரு முறை செலுத்துவது. 8ஆம் சீசன் முடிவில் கிரௌலிக்கு எட்டு மணி நேரக் கணக்கில் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் நிறுத்திய அதே முறை.

புனித நீர் தெளித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆள் சுத்தம் என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. முதல் சீசனின் கடைசி எபிசோடில் அப்பா ஜானை மீட்கும்போது சாம் அதைத்தான் செய்கிறான். தண்ணீர் பட்டும் ஜானுக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் உள்ளே இருப்பது மஞ்சள் கண் அஸாஸெல் என்ற பெரிய பிசாசு. அந்த உயரத்தில் இருப்பவனைப் புனித நீர் சுடுவதில்லை. டீன் கண்டுபிடிப்பது வேறு விதத்தில். தம்பியைக் காப்பாற்ற, பிசாசையும் கொல்லக்கூடிய கோல்ட் துப்பாக்கியின் அரிய குண்டு ஒன்றைச் செலவழித்ததற்கு அப்பா அவனைப் பாராட்டுகிறார். நிஜ ஜான் என்றால் வறுத்தெடுத்திருப்பார். அன்பான ஒரு சொல்லைக் கேட்டதும் டீன் பின்வாங்கித் துப்பாக்கியை எடுக்கிறான். கண் நிறம், கந்தக வாடை எல்லாவற்றையும் பட்டியல் போடும் ரசிகர்கள் இந்தத் தடயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

தொடரின் விதிகளை நிஜச் சடங்கோடு கலப்பதும் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் அனுமதி பெற்ற குருதான் பேயோட்ட முடியும். தொடரிலோ மந்திரம் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாபி வீட்டின் உட்கூரையில் வரைந்திருக்கும் டெவில்ஸ் டிராப், அதாவது பிசாசைச் சிக்கவைக்கும் வட்டம், சாலமோனின் திறவுகோல் என்ற பழைய மந்திர நூலை ஒட்டியது. பழைய மந்திர முறைகளில் மந்திரவாதி தன் பாதுகாப்புக்காக வட்டத்துக்குள் நிற்பார். தொடர் அதைத் திருப்பிப் போட்டுப் பிசாசை உள்ளே நிறுத்துகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, உடலுக்குச் சொந்தக்காரரை மறந்துவிடுவது. பிசாசை ஓட்டினால் ஆள் பிழைத்துவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறோம். உடைந்த உடலையும் பிசாசு நடமாட வைக்கும். அது வெளியேறியதும் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. ஏழு மாடி உயரத்திலிருந்து விழுந்த உடலோடு நடந்துகொண்டிருந்தவள் மெக். ஓட்டினால் அந்தப் பெண் செத்துவிடுவாள் என்று பாபி எச்சரிக்கிறார். ஓட்டுகிறார்கள், அவளும் சாகிறாள். மூன்றாவது சீசனில், பிசாசைக் கொல்லக்கூடிய ரூபியின் கத்தி (ரூபியும் ஒரு பிசாசுதான்) வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பிசாசைக் கொல்லும் குத்து உடலிலும்தானே இறங்குகிறது? 5ஆம் சீசன் முதல் எபிசோடில் பிசாசு பிடித்த பாபி அந்தக் கத்தியால் தன்னையே குத்திக்கொண்டு பிழைப்பது அபூர்வம். அதற்கும் விலையாக அவர் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டியதாகிறது. 'எத்தனை பிசாசைக் கொன்றார்கள்' என்று எண்ணுகிறவர்கள், அதே எண்ணிக்கையில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

4ஆம் சீசன் 2ஆம் எபிசோடில், முதலில் மெக்காக நடித்த நிக்கி ஏகாக்ஸ் திரும்பி வந்து டீன் முன்னால் நிற்கும்போது, பலர் 'மெக் மறுபடி வந்துட்டா' என்று எழுதிவிடுகிறார்கள். வருவது பிசாசு இல்லை. உடல் பறிபோன கல்லூரி மாணவி மெக் மாஸ்டர்ஸின் ஆவி. உள்ளே விழித்தபடியே எல்லாக் கொலைகளையும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாள். தான் காணாமல் போன பிறகு தங்கை உயிரை மாய்த்துக்கொண்டதையும் சொல்லி, ஏன் என்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்கிறாள். அந்தப் பிசாசின் சொந்தப் பெயர் நமக்குச் சொல்லப்படவே இல்லை. அந்தப் பெண்ணின் பெயரையே எடுத்துக்கொண்டு, 5ஆம் சீசனிலிருந்து ரேச்சல் மைனர் நடிக்கும் வேறொரு உடலில் உலவுகிறது. எனவே பிசாசைக் குறிப்பிடும்போது 'மெக்' என்றும், அந்தப் பெண்ணைக் குறிப்பிடும்போது 'மெக் மாஸ்டர்ஸ்' என்று முழுப் பெயரோடும் எழுதுங்கள்.